தாலிக்கு அப்புறம் பந்து

பி.டி. பீரியட்ல பிள்ளைங்க கல்யாண வீடியோ பாக்கிற பள்ளிக்கூடம் எங்கயாவது உண்டா? எங்க வேங்கிக்கால்ல உண்டு. அந்தக் கொடுமைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் நான்தான், சந்திரகலா.

மூணாங்கிளாஸ் கதவைத் தள்ளினேன். முப்பது பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்குது. டி.வி.யில யாரோ ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுறான்.

"என்ன பரசுராமன் சார் இது? வெளியில கிரவுண்டு காலியா கிடக்குது, உள்ள முகூர்த்தம் நடக்குது!"

பி.டி. மாஸ்டர் அசரவே இல்ல. "மச்சான் கல்யாண வீடியோ எடுக்கிறவருங்க மேடம். கேமரா, டெக்கு, கேசட்டு எல்லாம் அவரோடது. தாலி கட்டினதும் நம்ம பந்து வந்துடும்."

வந்துடுச்சு. போன வாரம் பிள்ளைங்க பந்து பிடிச்சுப் பழகினதைப் படம் எடுத்திருக்கார். ஒரு இடத்துல நிறுத்தினார்.

"பாலாஜி, நல்லா பாருடா. பந்து வரும்போது கண்ணை மூடிக்கிறே. அப்புறம் அது கைக்கா வரும்? மூக்குக்குத்தான் வரும்."

பிள்ளைங்க உருண்டு சிரிச்சுதுங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஓடியாட வேண்டிய நேரத்துல டி.வி.யா? இன்னிக்கே மெமோ கொடுத்துடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

"சார், அடுத்தது மதிவதனி! ஓட்டைக் கை!"ன்னு கத்துச்சு ஒரு வாண்டு.

மூலையில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா மதிவதனி. அவ கையில பந்து நின்னதா சரித்திரமே இல்ல. வியாழக்கிழமை பி.டி.ன்னா காலையிலயே வயித்து வலி வந்துடும். ஸ்போர்ட்ஸ் டேக்கு மூணு வாரம் இருக்கு, அவளைச் சேர்த்துக்க ஒரு டீமும் தயாரா இல்ல.

சார் டி.வி.யை அணைச்சு, டெக்குல எதையோ தட்டி, மறுபடி போட்டார். பட்டன் மேல விரலை அழுத்தினபடியே நின்னார். படத்துல கோடு கோடா விழுந்துச்சு.

கோட்டுக்கு நடுவுல மதிவதனி. பந்து பறந்து வந்து சமத்தா அவ கையில உட்கார்ந்துச்சு. ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை! பின்னால பியூன் வேடியப்பன் தண்ணிக் குடத்தோட போய்க்கிட்டிருந்தார்.

பிள்ளைங்க எல்லாம் டி.வி. பக்கத்துல வந்து மொய்ச்சுதுங்க.

"நானா சார்?"

"பின்ன நானா? ரெட்டை ஜடையைப் பாரு!"

"ஏய், எங்க டீமுக்கு வந்துடு"ன்னான் பாலாஜி.

அன்னியிலிருந்து அவ பந்தும் கையுமாத்தான் திரிஞ்சா. அடுத்த வியாழன் வயித்து வலி வரல. ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்குப் பத்துல ரெண்டை விட்டா, எட்டைப் பிடிச்சா. அவங்கம்மா அன்புச்செல்வி அழுதே விட்டாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. எழுதியும் கொடுக்காம டிராயர்ல கிடந்த மெமோவைக் கிழிச்சுப் போட்டேன்.

சாயங்காலம் அந்தக் கேசட்டை இன்னொரு தடவை பாக்கணும்னு ஆசை. ஆபீஸ் ரூம்ல நானே போட்டேன். தாலி கட்டியாச்சு. பாலாஜி கண்ணை மூடியாச்சு. மதிவதனி வந்தா. பந்தை வீசினா. திரும்பி வந்ததைக் கோட்டை விட்டா. மறுபடி வீசினா, மறுபடி கோட்டை விட்டா. அஞ்சு தடவையும் அதேதான்!

"சார்! அவ பிடிச்சதெல்லாம் எங்க போச்சு?"

வாசல்ல வந்து நின்ன பரசுராமன் சார் தலையைச் சொறிஞ்சார்.

"பிடிச்சாத்தானே மேடம் படம் எடுக்க முடியும்? அவ வீசினதை ரீவைண்டுல ஓட்டினேன், பந்து கைக்கே திரும்பி வந்துடுச்சு. நல்ல வேளை, வேடியப்பன் பின்பக்கமாவே நடந்து போனதை யாரும் கவனிக்கல, நீங்க உட்பட!"