எலிக்கு எட்டாத தட்டு

தணிகாசலத்தின் வலது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழ மறுத்தது. ஸ்ரீராம்புரத்தில் அவருடைய பாத்திரக்கடை ஷட்டரை இப்போது தம்பி பார்த்திபன்தான் தூக்குகிறான். தூக்கியவன் அப்படியே கல்லாவிலும் உட்கார்ந்துகொண்டான்.

"சுவத்துல விரலை நகர்த்தி நகர்த்திக் கையை மேல கொண்டுபோகச் சொன்னேனே, பண்றீங்களா அங்கிள்?" என்று கேட்டாள், வாராவாரம் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தீபிகா.

"அதுதாம்மா எனக்கு வேலையே," என்றார், வலிக்குப் பயந்து சுவர்ப் பக்கமே போகாத மனிதர்.

ஆனால் முறுக்கு என்று வந்துவிட்டால் வலியாவது ஒன்றாவது! மனைவி ரமணி குளிக்கப் போனதும் சமையலறைக்குள் நுழைவார். தட்டிலிருக்கும் முறுக்கு டப்பா பெரியது, இரண்டு கையும் போட்டால்தான் இறங்கும். ஸ்டூலை இழுத்தால் சத்தம் கேட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி எடுப்பார்.

"வீட்டுல எலி புகுந்திருக்குங்க, முறுக்கு குறையுது," என்று ரமணி டப்பாவை அடுத்த தட்டுக்கு ஏற்றினாள்.

"விவரமான எலிடி," என்றார் அவர். எலியும் விடாமல் தட்டுத் தட்டாக ஏறியது.

ஒருநாள் காலை, கடை ஷட்டரை அவரே தடதடவென்று தூக்கினார். பார்த்திபன் கல்லாச் சாவியை நீட்டினான்.

அன்று வீட்டுக்கு வந்த தீபிகாவிடம் மீசையை முறுக்கினார். "உண்மையைச் சொல்லவா? நீ சொன்னதுல ஒண்ணுகூட நான் பண்ணலை. தானாவே சரியாயிடுச்சு!"

தீபிகா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, மேல் தட்டு போதும். நாளையிலேருந்து முறுக்கு டப்பாவைக் கீழ்த்தட்டுல வைங்க. அங்கிளுக்கு இடுப்பும் சரியா வளைய மாட்டேங்குது."