ஆள் இருக்கக் கூடாத அறை

மருமகள் பூரணி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதிய போன பரீட்சையை, பின்னால் கட்டிலில் ஆள் அசைவது தெரிகிறது என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். வீட்டில் இருப்பதே ஓர் அறைதான். இன்று அவள் கேமராவைத் திறப்பதற்குள் வேலப்பன், பிணத்துக்குக் கட்டுவதுபோல் தாடையையும் தலையையும் சேர்த்துத் துண்டால் கட்டி, கால் கட்டைவிரல்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

“என்ன மாமா இது கண்றாவி?”

“என் வீட்டவிட்டு என்னைப் போகச் சொல்ல அந்தப் பரீட்சைக்காரன் யாரு?” என்றார் பல்லைக் கடித்தபடி. “கேட்டா செத்துட்டான்னு சொல்லு. பொணமா உனக்கு விடை சொல்லிக் குடுக்கப்போவுது?”

பரீட்சை தொடங்கியதும் கம்ப்யூட்டரிலிருந்து கண்காணிப்பாளரின் குரல் வந்தது. “பின்னாடி படுத்திருக்கறது யாரு?”

“எங்க மாமனார் சார். காலைலதான்...”

குரல் தணிந்தது. “எழுதறீங்களாம்மா?” என்றது.

“எழுதறேன் சார்.”

பாதிப் பரீட்சையில் எதிர்வீட்டு ராசாத்தி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “போயிட்டியாண்ணே” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். தெருவே திரண்டு வந்து, தாழிட்ட கதவைத் தட்டியது. பூரணி தட்டச்சு செய்யும் சத்தம் நிற்கவில்லை. பாடையே கொண்டுவரட்டும், அவள் கடைசிக் கேள்வியை முடிக்காமல் இந்தக் கட்டு அவிழாது என்று வேலப்பன் மூச்சை அடக்கிக்கொண்டார்.