ஆயிரமாவது கிளை

"உங்களை மாத்தியிருக்கு. திங்கட்கிழமை அங்கே சேரணும்" என்றார் மேனேஜர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கேஷியர் அம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை.

"எங்கே சார்?"

"நம்ம பேங்க் ஆயிரமாவது கிளை திறக்குதே, அங்கே."

அது ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்தால்தான் போய்ச் சேரும் ஊர்.

"சார், எங்க வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கிடக்கார். உங்களுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டம்மா பகல்ல பார்த்துக்கறதாலதான் நான் வேலைக்கே வர முடியுது. அவரைத் தூக்கிட்டு முன்னப் பின்ன தெரியாத ஊருக்கு எப்படிப் போவேன்?"

"ஆம்புலன்ஸ் வெச்சுக்குங்க. செலவை பேங்க் தரும்."

"கல்யாணம் ஆகாதவங்க இருக்காங்களே சார்..."

அவள் பார்வை தானாகக் கடைசி கவுண்டர் பக்கம் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவன் மேனேஜரின் மச்சினன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"யாரை எங்கே போடணும்னு எனக்குத் தெரியும்மா" என்று மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குக் குமுறினார்கள்.

"மச்சினன் உடம்பு நோகக் கூடாது. ஆனா முடியாத மனுஷன் ஊர் ஊரா அலையலாம்" என்றார் ஹெட் கிளார்க். "துணிக்கடை மாடியில மூணு மேஜையைப் போட்டு இந்த பேங்கை ஆரம்பிச்சதே இங்கேதான். இன்னிக்குக் கடல் தாண்டியெல்லாம் கிளை வந்தாச்சு. முதல் கிளைக்கு இப்படி ஒரு மேனேஜர்."

கடைசி நாள் அவள் கிளம்பும்போது மேனேஜர் மாடிப்படி வரை வந்தார்.

"உடம்பைப் பார்த்துக்குங்க."

"உங்க வீட்டுல ஒருத்தர் இப்படிக் கிடந்தாத்தான் சார் உங்களுக்குப் புரியும்."

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

புது ஊரில் கணவர் சாப்பிட மறுத்தார். 'வீட்டுக்குப் போலாம்' என்று குழறிக் குழறி அழுதார். மேனேஜரை வாய்க்குள் சபித்தபடியேதான் அவள் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

ரெண்டு மாதம் கழித்து மச்சினன் போன் செய்தான்.

"மேடம், நம்ம கிளையை மூடிட்டாங்க."

"முதல் கிளையையா?"

"வருமானம் போதலையாம். நேத்து எல்லாருக்கும் கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மாமாவையும்தான்."

அவள் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"மாமாவுக்கு முன்னாடியே தெரியுமாம் மேடம். வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. ஒரே ஒருத்தரை மட்டும் வேற கிளைக்கு அனுப்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட இதைச் சொல்லாதேன்னார். எனக்குத்தான் மனசு கேட்கலை."

"உங்க அக்கா என்ன சொன்னாங்க தம்பி?"

"கூடப் பிறந்தவனை விட்டுட்டு யாரையோ காப்பாத்தினீங்களேன்னு ஒரே அழுகை. அவர்கூட முகம் கொடுத்துப் பேசறதில்லை."

"நீ கேட்கலையா?"

"கேட்டேன் மேடம்." அவன் குரல் இறங்கியது. "'உனக்கு வேலை போனா நாலு இடம் ஏறி இறங்குவே. அந்தம்மாவுக்குப் போனா ரெண்டு உயிர்டா'ன்னார்."