மூன்றாவது பெட்டி

ஒத்திகையில் தமயந்தி இழுத்துப் பாடிய ஒரு ‘ஆ’வை, அவளைக் கேட்காமலே இசையமைப்பாளர் ஜெரால்டு சிந்தசைசர் மென்பொருளில் ஏற்றியிருந்தான். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அவள் குரல் பாடியது.

“படத்துல என் பேரு வருமா சார்?”

ஜெரால்டு திரையில் ஃபில்டர் குமிழைத் திருகினான். போர்வைக்குள் யாரோ முனகுவதுபோல் ஆயிற்று குரல்.

“இது நீயா? உங்க அம்மாகிட்ட போட்டுக் காட்டு. அவங்களே இல்லைம்பாங்க.”

திரையில் சத்தம் இடமிருந்து வலமாகப் பெட்டி பெட்டியாக ஓடியது. முதல் பெட்டியில் அவள் குரல். இரண்டாவதில் ஃபில்டர். விரலை எடுத்தபின் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதற்கு மூன்றாவது. அதை ஜெரால்டு ஒருநாளும் தொட்டதில்லை. அவன் டீ எடுக்கத் திரும்பியபோது தமயந்தி மவுஸைப் பிடித்து அந்தக் குமிழை முழுக்கத் திருகினாள்.

“நீங்களே வச்சுக்குங்க சார்.”

கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். உள்ளே ஜெரால்டு கட்டையை அழுத்தி விரலை எடுத்தான். குரல் நிற்கவில்லை. பதறி ஃபில்டரைத் திருகினான், எதிர்ப்பக்கமாக. போர்வை விலகியது.

படியேறி வந்த தயாரிப்பாளர் நின்று காதுகொடுத்தார். பிறகு அவளிடமே கேட்டார்.

“உள்ள யாரும்மா பாடுறது?”