இரண்டாவது பெட்டி

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்ல," என்றாள் மனைவி. "முதல் பெட்டி காதுல கேட்டுச்சு. இது அடிவயித்துல கேக்குது."

"அக்கா சொல்றது சரி மாமா," என்றான் மச்சான். அவர்களுடைய இசைக்குழுவில் அவன்தான் டிரம்ஸ்; விரல்கள் இன்னும் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. "முதல்ல உறுமுச்சு. இப்போ கடிச்சுக் குதறுது!"

பாஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான் அவள் கணவன். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

இசைக்கருவிக் கடையின் பின்னறை அது. கறுப்புத் திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. உள்ளே வரும்போதே பார்த்திருந்தார்கள்: ஒன்று இடுப்பளவு, மற்றது ஃப்ரிட்ஜ் உயரம்.

"கண்ணால வாங்கிட்டுப் போறவங்கதான் மறுவாரமே திருப்பித் தூக்கிட்டு வர்றாங்க. நீங்க காதால வாங்குங்க," என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டிருந்தார் கடைக்காரர். அவர் மேசைமேல் ஒரு சுவிட்ச் இருந்தது. தட்டினால் கிட்டாரின் ஒலி ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு மாறும்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றான் அவன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"இது ஒன்னு," என்றார் கடைக்காரர். அவன் இருப்பதிலேயே தடித்த கம்பியை மீட்டினான். கதவுத் தாழ்ப்பாள் கடகடத்தது.

"இது ரெண்டு." டக், டக்கென்று சுவிட்ச் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தம்கூட அவனுக்குக் கேட்டது. பெட்டிகளின் வித்தியாசம்தான் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் காது டாக்டர் சொன்னது தலைக்குள் ஓடியது. "இப்போதைக்குத் தப்பிச்சிருக்கீங்க. பத்து வருஷமா ஹெவி மெட்டல் மேடையில, ஸ்பீக்கரை ஒட்டியே நின்னிருக்கீங்க. சத்தமே கேக்காம போறதெல்லாம் கடைசியிலதான். வேற வேற சத்தம் ஒரே மாதிரி கேக்க ஆரம்பிச்சா, அன்னைக்கே ஓடி வாங்க."

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முப்பது ஊர்களில் கச்சேரி. பழைய பெட்டியின் ஸ்பீக்கர் கிழிந்துபோனதால்தான் இந்தக் கடைக்கே வந்தார்கள். அவன் கீழே பிடித்துக் கொடுக்கும் சுருதியில் காலை ஊன்றிக்கொண்டுதான் மனைவி மேலே அவ்வளவு உயரம் பாடுவாள்.

கழுத்தைத் திருப்புவதுபோல இடது காதைத் தோளில் அழுத்திக்கொண்டு மீட்டினான். அப்புறம் வலது காதை. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. மயிரிழைகூட மாறவில்லை.

வீட்டில் இரட்டைப் பெண்கள். அடுத்த அறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். இன்று காலை யாரோ "அப்பா" என்றார்கள். எந்தப் பெண்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" மச்சான் சிரித்தான். "இந்த வித்தியாசம் காது கேக்காதவங்களுக்குக்கூடத் தெரியுமே!"

அவனும் சிரிக்கப் பார்த்தான். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. "ஆமா ஆமா. ரெண்டாவதே இருக்கட்டும்."

கடைக்காரர் நகரவில்லை. "வாசிக்கப் போறவர் நீங்க. என்ன வித்தியாசம்னு உங்க வாயால சொல்லுங்க சார்."

"அது வந்து... அடிச் சத்தம் கொஞ்சம்..." மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவன் அரைச் சுருதி பிசகினாலே திரும்பிப் பார்க்கிறவள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

அவன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான்.

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் கேக்குது," என்றான். "டாக்டர் முன்னாடியே எச்சரிச்சார். நான்தான் மறைச்சுட்டேன். என் காது போயிடுச்சு. கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க."

மச்சானின் விரல்கள் அப்படியே நின்றன.

மனைவி திட்டுவாள் என்று நினைத்தான். அவள் கிட்டே வந்து, அவனுடைய இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள். இனிமேல் எந்தச் சத்தமும் உள்ளே போய்விடக் கூடாது என்பதுபோல. அவள் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கைகளை விலக்கினான்.

"...இப்பவே டாக்டர்கிட்ட போறோம். பெட்டியும் வேணாம், கச்சேரியும் வேணாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "தம்பி, போய் வண்டியை எடு."

"அம்மா, ஒரு நிமிஷம்." கடைக்காரர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வர்றவங்க எல்லார்கிட்டயும் செஞ்சு பாக்கறதுதான். இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல. மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிக்கணும்?"

"ரெண்டாவது பெட்டியை நான் இன்னும் போடவே இல்லம்மா."