இரைச்சல் நீக்கம்

உலகின் மூலைமுடுக்குகளில் யாரோ எப்போதோ பதிவு செய்த பாட்டுகளைச் சுத்தம் செய்வது அவன் வேலை. நாய் குரைப்பது, கதவு சாத்துவது, இருமல் எல்லாவற்றையும் கணினியில் தேடி வெட்டியெடுப்பான்.

திங்களன்று வந்தது அறுபது வருடத்துக்கு முந்தைய மலைப்பாட்டு. நடுவில் ஓர் இருமல். இரண்டு குட்டை, ஒரு நீளம். வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் இருமும் அதே இருமல். சிரித்துக்கொண்டே வெட்டினான்.

அன்றிலிருந்து மாமியார் இருமவில்லை.

"எந்த மருந்துன்னே தெரியல, அம்மாவுக்குச் சரியாயிடுச்சுங்க," என்றாள் மனைவி.

வெள்ளியன்று மேலதிகாரி பாட்டைக் கேட்டார். "அடியில யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குதே. அதையும் எடுத்துடுங்க."

அவன் அந்த மூச்சை மட்டும் இன்னொரு முறை போட்டுக் கேட்டான். பிறகு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எல்லா மூச்சையும் வெட்டியெடுத்தான். பாட்டு பளிச்சென்று ஆகிவிட்டது.

நாலு மணிக்கு வீட்டிலிருந்து போன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எடுத்தான்.

"மாப்பிள்ளை, சீக்கிரம் வாங்க," என்றது மாமியாரின் கணீரென்ற குரல். "மத்தியானம் படுத்த எம்பொண்ணு, எழுப்ப எழுப்ப எழுந்திரிக்க மாட்டேங்கறா."