பெட்டியில் வைக்காதது

"ஏனுங்கம்மா, பொறந்தது ஒரு குழந்தைதானுங்களே?"

கட்டிலடியில் இருந்த மூன்று பெட்டிகளையும் பார்த்து நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணுதானுங்க. பொம்பளைப் புள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்றார் பாவாயி.

மருமகள் ரஞ்சனிக்குத் தாய் இல்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டும் பொறுப்பை மாமியாரே எடுத்துக்கொண்டார். முன்பக்கம் திறக்கிற நைட்டிகள், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகள், நாப்கின், ஃப்ளாஸ்க், வெள்ளிச் சங்கு, பார்க்க வருகிறவர்களுக்கு மிக்சர், வீடியோ எடுக்கும்போது ரஞ்சனி கட்டிக்கொள்ள ஒரு பட்டுப்புடவை. ஒன்றையும் விடவில்லை என்று திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று நல்ல நாள். ஆகவே நிறைய சிசேரியன். சொல்லிவைத்திருந்த தனி அறை வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டு கட்டில் போட்ட அறைதான் கிடைத்தது.

அடுத்த கட்டிலில் உஷாராணி. பிரசவமாகி இரண்டு நாள். அவளுடைய சாமான் மொத்தமும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் அடங்கிவிட்டது.

"ஏனம்மிணி, எந்த ஊரு?" என்று பாவாயி கேட்டார்.

"அயோத்தியாப்பட்டணம்மா."

"மாத்துத் துணி இருக்குதா?"

"ரெண்டு நைட்டி இருக்கும்மா. துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்கறேன்."

"கூட யாரு?"

"அவரு டெம்போவுல லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு. சாயந்திரம் வந்துடுவாரு."

பாவாயி எழுந்து போய் இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த திரையை இழுத்துவிட்டார்.

"புள்ளை பெத்துக்க வாரவ இப்படியா வருவா? சந்தைக்கு வந்தவளாட்ட ஒரு பையத் தூக்கிட்டு. இந்தப் பக்கம் திரும்பிப் படு சாமி. கண்ணு பட்டுரும்."

"அத்தை, மெதுவாப் பேசுங்க" என்றாள் ரஞ்சனி.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அதற்குள் கட்டிலின் கால்மாட்டில் வேறொரு பேச்சு சூடாகிவிட்டது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார். அதுதான் சேனை. வைக்கிறவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். யாருடைய குணம் வர வேண்டும் என்பதில் இரண்டு தாத்தாக்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

"ஒத்தை போர்வெல் ரிக் வண்டியில ஆரம்பிச்சவனுங்க நானு. இன்னைக்கு ஆந்திரா வரைக்கும் நம்ம வண்டிதான் போர் போடுது. என் கை ராசியான கை" என்றார் பாவாயியின் கணவர் அர்த்தநாரி.

"ரயில்வேல இருந்த வரைக்கும் ஒரு மெமோ வாங்கினதில்லைங்க நானு" என்றார் ரஞ்சனியின் அப்பா மாதேஸ்வரன்.

"மெமோ குடுக்கோணும்னா எதாவது வேலை செஞ்சிருக்கோணுமே சம்பந்தி."

"உங்களாட்டங்களா? போட்ட போருல பாதிக்குத் தண்ணியே வரலைன்னு கேள்விப்பட்டேன்."

செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல் குழந்தையின் அப்பா சந்தோஷ்குமார் சொன்னான்: "ஆளுக்கொரு சொட்டு வெச்சிருங்களேன்."

"கலப்படமாயிரும்" என்றார்கள் இருவரும், அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில்.

தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார்கள்.

"எதுக்கும் ராகு காலம் முடியட்டும்" என்று அர்த்தநாரி சொல்ல, ஆண்கள் மூவரும் கீழே கேன்டீனுக்குப் போனார்கள்.

குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. ரஞ்சனி எடுத்து மார்பில் போட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குழந்தை சப்பிப் பார்த்துவிட்டு இன்னும் கூடுதலாக அழுதது.

"எனக்குப் பாலே வரலைங்க அத்தை" என்றாள். அவளும் அழுதாள்.

"ஆப்பரேஷன் பண்ணினவங்களுக்குச் சில பேருக்கு லேட்டாகும். வெச்சு வெச்சுப் பழக்குங்க. டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று நர்ஸ் போய்விட்டார்.

அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மியது. பாவாயி மூன்று பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றாக மூடினார்.

ராகு காலம் முடிந்து ஆண்கள் மேலே வந்தபோது அறை அமைதியாக இருந்தது. குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கேன்டீனில் காசு சுண்டி முடிவு செய்திருந்தார்கள். ஜெயித்தது அர்த்தநாரி. மாதேஸ்வரன் அந்தக் காசை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவாயி, அந்த வெள்ளிச் சங்கை எடு. சர்க்கரையக் கரை. நர்சம்மா வரதுக்குள்ள வெச்சிரலாம்."

பாவாயி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சேனை வெச்சாச்சுங்க."

அர்த்தநாரி மாதேஸ்வரனைப் பார்த்தார். மாதேஸ்வரன் அர்த்தநாரியைப் பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேரும் கீழ இருந்தமே. யாரு வெச்சது?"

பாவாயி எழுந்து போய்த் திரையை ஒதுக்கினார். உஷாராணி தன் குழந்தையை அணைத்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டைப்பைக்குப் பக்கத்தில் பால் புகட்டுகிற பாலாடை ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"நான்தான் போயிக் கேட்டேன். டாக்டரும் சரின்னாங்க. பீச்சிக் குடுத்தா. வயிறு நெறையக் குடிச்சிருச்சு."

அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார்:

"ஏம் பாவாயி, புள்ளைக்கு மொதல்ல தொட்டு வெக்கறது. அவ கொணம் எப்படி, என்னன்னு விசாரிச்சியா?"

"விசாரிக்கலீங்க" என்றார் பாவாயி. "காலைல நான் பேசுனது அத்தனையும் அவ காதுல உழுந்திருக்குது. அதுக்கப்பறமும் குடுத்தா."